சில்லில் எழுதிய எழுத்து



புரோகிராமர் என்ற சொல்லைக் கேட்டவுடன் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் மனிதர் ஒருவர் உங்கள் மனக்கண்முன் தோன்றுவார். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட புரோகிராமர் மனிதர் அல்லர்; அஃது ஒரு கருவி. மேசைமேல் வைக்கத்தக்க சிறு பெட்டி. அதன் முகப்பில் சில்லைச் செருகுவதற்கு ஒரு பொருத்துவாய். எவரோ எழுதி முடித்த நிரலை, ஒன்றும் எழுதப்பெறாத வெறுஞ் சில்லினுள் பதித்துவிடுவதே அதன் தொழில். குழப்பம் நேராதிருக்க, அதனைப் பதிவுக்கருவி என்றே இப்பேச்சு முழுவதும் குறிப்பிடுவேன்.

அந்தச் சில்லுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்று பெயர். நுண்கட்டுப்படுத்தி என்று தமிழில் வழங்குகிறோம். கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் வழிகள் ஆகிய யாவும் ஒரே சிலிக்கன் துண்டில் அமைந்தது அது. துணி துவைக்கும் இயந்திரத்திலும், வீட்டு மின்னளவியிலும், கடைத் தராசிலும், காரின் எஞ்சினிலும் அது குடியிருக்கிறது. ஆனால், செய்த ஆலையிலிருந்து வெளிவரும்பொழுது பெரும்பாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. நிரல் பதிந்த பின்னரே அது தராசாகவோ மின்னளவியாகவோ ஆகிறது.

ஒன்றிரண்டு சில்லுகளில் நிரலைப் பதிப்பது எளிய வேலை. ஆயிரக்கணக்கில் பதித்து, அவை யாவும் பல்லாண்டுகள் பிறழாமல் நிற்க வேண்டும் என்றால், அந்த வேலையின் இயல்பே மாறிவிடுகிறது. எழுதுவது ஒன்று, எழுதியது நிலைப்பது வேறொன்று. இவ்வுண்மையைப் பொறியியலார் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்ட வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன். நல்ல பதிவுக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அவ்வரலாற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

1956-ஆம் ஆண்டில் தொடங்குவோம். அமெரிக்க விமானப் படை அட்லஸ் என்னும் கண்டம் தாண்டும் ஏவுகணையை உருவாக்கிக்கொண்டிருந்த காலம். ஏவுகணையினுள் இருக்கும் கணிப்பொறிக்கு இலக்கைப் பற்றிய எண்களை அளிக்க வேண்டும். அவ்வெண்கள் எளிதில் மாறிவிடவும் கூடாது, வேண்டும்போது புதிதாக அமைக்கவும் இயல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கார்டன் சிட்டியிலிருந்த ஆர்மா நிறுவனத்தில் பணியாற்றிய வென் சிங் சௌ என்னும் சீனப் பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளை அமைத்து, அவை சந்திக்கும் இடந்தோறும் ஒரு டையோடை வைத்தார். மிகையான மின்னோட்டத்தைச் செலுத்தினால், வேண்டாத டையோடு எரிந்து அறுந்துவிடும். அறுந்த இடமும் அறாத இடமும் சேர்ந்து எழுத்தாக நின்றன. இராணுவ இரகசியமாதலால் இக்கண்டுபிடிப்புப் பல ஆண்டுகள் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. சில்லில் நிரலைப் பதிப்பதை 'எரித்தல்' என்று தொழிலாளர் இன்றும் சொல்வது அந்நாளைய எச்சமே. இன்றைய சில்லில் எதுவும் எரிவதில்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த பத்தாண்டில் நெசவே எழுத்தாகியது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ விண்கலத்தின் கணிப்பொறிக்கு உரிய நிலையான நினைவகம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ரேத்தியான் நிறுவனத்தாரால் செய்யப்பெற்றது. சிறு காந்த வளையங்களின் ஊடே கம்பி நுழைந்து சென்றால் அது ஒன்று. வளையத்துக்கு வெளியே விலகிச் சென்றால் அது சுழி. இவ்வாறு 36,864 சொற்களைப் பெண்கள் ஊசியும் கையுமாக அமர்ந்து நெய்தார்கள். எந்த வளையத்தில் ஊசியை நுழைப்பது என்பதை அவர்கள் தாமே முடிவு செய்யவில்லை. துளையிட்ட நாடாவைப் படித்த ஓர் இயந்திரம், உரிய வளையத்தை ஊசிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியது. நெய்து முடித்ததும் மற்றோர் இயந்திரம் அதனைச் சோதித்தது. எழுதுவதற்கு ஒன்று, எழுதியதைச் சரிபார்ப்பதற்கு மற்றொன்று என்னும் இந்தப் பிரிவினை எத்துணைப் பொருத்தமானது என்பது பின்னால் விளங்கும்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சௌ கண்ட வழியே சிலிக்கன் சில்லுக்குள் புகுந்தது. நிக்கல், குரோமியம் ஆகியவை கலந்த மெல்லிய உருகி இழைகளை வைத்து, வேண்டிய இழைகளை மின்னோட்டத்தால் அறுத்தார்கள். அப்போது எதிர்பாராத தொல்லையொன்று தலைகாட்டியது. அறுந்த இழைகளிற் சில, நாளடைவில் மீண்டும் ஒட்டிக்கொண்டன! சுழி என்று எழுதியது ஒன்றாகவோ, ஒன்று என்று எழுதியது சுழியாகவோ தானே மாறிப்போயிற்று. காரணத்தை ஆராய்ந்தபோது, போதிய ஆற்றலோடு விரைந்து அறுக்கப்பெறாத இழைகளே இவ்வாறு வளர்ந்து ஒட்டுகின்றன என்று தெரிந்தது. அறுபட்ட இடைவெளி மிகக் குறுகியதாக இருந்துவிட்டது. எழுதிய அன்று சோதித்துப் பார்த்தால் அந்தச் சில்லு குற்றமற்றது. குற்றம் சில்லில் மட்டும் இல்லை, அதனை அரைகுறையாக எரித்த கருவியிலும் இருந்தது. பதிவுக்கருவியின் தரத்தைப் பற்றிப் பொறியியலார் கவலைகொள்ளத் தொடங்கியது இங்கேதான் என்பது என் கருத்து.

இப்போது நம் கதையின் நடுநாயகமான மனிதரிடம் வருகிறோம். டோவ் ஃப்ரோமான் என்பவர் 1939-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, டச்சுக் குடும்பமொன்றின் அடைக்கலத்தில் ஒளிந்து பிழைத்தவர். 1969-இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்த அவரிடம், நினைவகச் சில்லுகளில் காணப்பெற்ற ஒரு கோளாற்றை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. டிரான்சிஸ்டரின் வாயில் என்னும் பகுதிக்குச் செல்லும் இணைப்பு அறுந்து, அவ்வாயில் எதனோடும் தொடர்பின்றி மிதக்கும் நிலை ஏற்படுவதே கோளாற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார். மிதக்கும் வாயிலில் மின்னேற்றம் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது வெளியேற வழியில்லை. மற்றவர்கள் இதைக் கேட்டிருந்தால், இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கை எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஃப்ரோமானோ, சிக்கிக்கொண்ட மின்னேற்றமே நினைவாகலாமே என்று சிந்தித்தார். பதினாறு பிட்டுகள் கொண்ட ஒரு சிறு மாதிரியைச் சிவப்பு விளக்குகளோடு அமைத்து, நிறுவனத்தை நடத்திய கோர்டன் மூர் அவர்களின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார் என்பர்.

அவ்வாறு பிறந்ததே ஈப்ராம் என்னும் அழித்தெழுதும் நினைவகம். 1971-இல் வெளிவந்த 1702 என்னும் முதற் சில்லில் 2,048 பிட்டுகள் இருந்தன. கண்ணாடி போன்ற சிலிக்கன் ஆக்ஸைடால் நாற்புறமும் சூழப்பெற்ற மிதவை வாயிலுக்குள், உயர்ந்த வோல்ட்டைக் கொடுத்து எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடுவார்கள். அவை உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும். அழிக்க வேண்டுமானால், சில்லின் தலையில் பதித்த குவார்ட்ஸ் சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிரைச் சில நிமிடங்கள் பாய்ச்ச வேண்டும். கதிரின் ஆற்றலைப் பெற்ற எலெக்ட்ரான்கள் சுவரைத் தாண்டி ஓடிவிடும். வெயிலில் திறந்து வைத்தாலே ஏறத்தாழ ஒரு வாரத்திலும், அறையின் குழல் விளக்கொளியில் ஏறத்தாழ மூன்றாண்டிலும் அழிந்துபோகலாம் என்று இன்டெல் தன் தரவேட்டில் எச்சரித்தது. ஆகவே, சாளரத்தின்மேல் ஒளிபுகாத காகிதத்தை ஒட்டுவார்கள். பழைய கருவிகளைத் திறந்து பார்த்த மாணவர்கள் அந்த ஒட்டுக் காகிதத்தைக் கண்டிருக்கக் கூடும். அழகுக்காக ஒட்டியது அன்று! ஃப்ரோமானோ, இத்துணைப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்துவிட்டு, கானா நாட்டின் குமாசி நகரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டுப் போய்விட்டார். அவருடைய இயல்பு அப்படிப்பட்டது.

முதன்முதலில் விற்பனைக்கு வந்த நுண்கட்டுப்படுத்தி எனக் கருதப்பெறும் டி.எம்.எஸ். 1000, டெக்சஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் நிறுவனத்தாரால் 1974-இல் சந்தைக்கு வந்தது. அதில் நிரலை வாங்குவோர் பதிக்க இயலாது. சில்லைச் செய்யும்போதே அச்சுத்தகடு போன்ற ஒரு முகமூடியைக் கொண்டு நிரலையும் சேர்த்து வார்த்துவிடுவார்கள். ஓர் எழுத்துப் பிழையானாலும், வார்த்தது அத்தனையும் குப்பைதான். 1976-இல் இன்டெல் 8048 என்னும் நுண்கட்டுப்படுத்தியை வெளியிட்டபோது, அதனோடு 8748 என்னும் இரட்டையையும் தந்தது. 8748-இல் 1,024 பைட் ஈப்ராம் இருந்தது. சோதனைக்கு 8748-ஐ எழுதி அழித்துப் பயன்படுத்திவிட்டு, நிரல் முற்றுப்பெற்ற பின் 8048-ஐ வார்க்கச் சொல்லலாம். ஆயினும், சிறு தொழிற்சாலைகளுக்கு முகமூடிச் செலவு கட்டுப்படியாகவில்லை. நாளடைவில், சாளரமில்லாத மலிவான பிளாஸ்டிக் உறையில் ஈப்ராமை அடைத்து, ஒருமுறை மட்டும் எழுதத்தக்க சில்லாக விற்றார்கள். சில்லைச் செய்தவரிடமிருந்த எழுத்து வேலை, இதனால் அதனை வாங்கியவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. தவறாக எழுதினால் சில்லு போயிற்று. அரைகுறையாக எழுதினால் நிறுவனத்தின் பெயர் போயிற்று.

எழுதும் முறையும் எளிதாயில்லை. 2716 என்னும் ஈப்ராமுக்கு 25 வோல்ட். ஒவ்வொரு பைட்டுக்கும் 50 மில்லிசெகண்டு. 2,048 பைட்டையும் எழுத நூறு செகண்டுக்குமேல் ஆயிற்று. நான்கு மடங்கு பெரிய 2764-க்கு இதே கணக்கில் ஏழு நிமிடத்தை நெருங்கியது. ஆலையில் ஒரு சில்லுக்கு ஏழு நிமிடம் காத்திருக்க எவரால் முடியும்? ஆகவே புதியதொரு வழிமுறை வந்தது. ஒரு மில்லிசெகண்டு எழுதிப் பார்ப்பது, பதிந்ததா என்று படித்துப் பார்ப்பது, பதியவில்லையெனில் மீண்டும் எழுதுவது. பதிந்துவிட்டால், அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப்போல் பன்மடங்கு நேரம் கூடுதலாக எழுதி உறுதிப்படுத்துவது. நேரம் பெருமளவு மிச்சமாயிற்று. ஆனால், வோல்ட்டும் 25-லிருந்து 21-க்கும், பின் 12.5-க்கும் இறங்கிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட இரு சில்லுகளில் ஒன்றுக்கு 21, மற்றொன்றுக்கு 12.5. பழைய கருவியில் புதிய சில்லைச் செருகினால் அதன் கதை அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் உரிய விதியை அதனைச் செய்தவரின் ஏட்டிலிருந்து பிழையறப் பெற்று, கருவிக்குள் அமைத்துத் தருவதே ஒரு தனித்தொழிலாக வளர்ந்தது. டேட்டா ஐ.ஓ. போன்ற நிறுவனங்கள் எழுபதுகளிலிருந்து இத்தொழிலில் பெயர் பெற்றன.

இனி நான் சொல்லப்போவதைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். மிதவை வாயிலில் எலெக்ட்ரான்கள் நிறைந்திருந்தால், அந்த டிரான்சிஸ்டரைத் திறக்க மிகுந்த வோல்ட் வேண்டும். திறவாததைச் சுழி என்று சில்லு படிக்கிறது. எலெக்ட்ரான் இல்லாத வாயில் எளிதில் திறக்கும், அஃது ஒன்று. பாதி மட்டும் நிறைந்த வாயில் எப்படிப் படிக்கப்பெறும்? அது சில்லுக்குக் கொடுக்கும் வோல்ட்டைப் பொறுத்தது. 5 வோல்ட்டில் திறவாமல் சுழி எனக் காட்டிக்கொள்ளும் ஓர் அறை, 5.5 வோல்ட்டில் திறந்து ஒன்று எனக் காட்டிவிடும். அவ்வாறே சரியாக அழிக்கப்பெறாத அறை, 5 வோல்ட்டில் ஒன்றாகவும் 4.5 வோல்ட்டில் சுழியாகவும் வேடமிடும். ஆகையால், 5 வோல்ட்டில் மட்டும் சரிபார்க்கும் கருவி நடுவழியில் நிற்கும் அறைகளைக் கண்டுகொள்ளாது. சில்லு வேலை செய்ய அனுமதிக்கப்பெற்ற மிகக் குறைந்த வோல்ட்டிலும், மிகக் கூடிய வோல்ட்டிலும், இரு முறை படித்துப் பார்க்கும் கருவியே அவற்றைப் பிடிக்கும். மைக்ரோசிப் நிறுவனம் தன் சில்லுகளுக்கான பதிவு விதியேடுகளில் இதனையே எல்லைக்கோடாக வைத்தது. இரு எல்லைகளிலும் சரிபார்ப்பது உற்பத்திக்கு உரிய கருவி. நடு வோல்ட்டில் மட்டும் சரிபார்ப்பது எத்துணை அழகாயிருந்தாலும் சோதனைச்சாலைக்கு மட்டும் உரியது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நான் பணி செய்த தொழிற்சாலை ஒன்றில் மின்தராசுகள் செய்தார்கள். நிரல் எழுதுவோருக்கென வாங்கிய மலிவான கருவியையே, கைவசம் இருக்கிறதே என்று, உற்பத்திக்கும் நிர்வாகத்தார் கொடுத்துவிட்டார்கள். சில்லுகள் யாவும் சோதனையில் தேறின, தராசுகளும் விற்றன. சில மாதங்களில் அவற்றுள் சில திரும்பி வந்தன. ஒரு தராசு ஒரு பொழுது சரியாக நிறுத்தது, மறுபொழுது நின்றுபோயிற்று. காய்கறிக் கடைக்காரர் ஒருவர், "உங்கள் தராசால் என் வாடிக்கையாளர் என்னைத் திருடன் என்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. சில்லுகளைக் கழற்றிப் படித்தோம், எல்லாம் சரியாயிருந்தன. பின்னர், இரு எல்லைகளிலும் படிக்கும் கருவியொன்றை வேறிடத்திலிருந்து தருவித்து, மேல் எல்லையில் படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. சில பிட்டுகள் சுழியிலிருந்து ஒன்றாகப் பிறழ்ந்து நின்றன. தராசின் மின்வழங்கி 5 வோல்ட்டுக்குச் சற்று மேலே ஏறியபோதெல்லாம் நிரல் சிதைந்திருக்கிறது. அதே சில்லுகளில் அதே நிரலை நல்ல கருவியால் மேலும் ஒருமுறை எழுதினோம். சுழிகள் அழுத்தமாகப் பதிந்தன, தராசுகள் பிழைத்தன. அந்தக் கடைக்காரர் மட்டும் திரும்பி வரவில்லை.

ஈப்ராமின் ஆட்சி தொண்ணூறுகளில் சாயத் தொடங்கியது. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகம், மின்சாரத்தாலேயே ஒட்டுமொத்தமாக அழியக்கூடியது. 1993-இல் மைக்ரோசிப்பின் பிக் 16சி84, ஆட்மெல்லின் ஏ.டி. 89சி51 ஆகிய நுண்கட்டுப்படுத்திகள் மின்னாலேயே அழித்தெழுதும் நினைவகத்தோடு வந்தன. சாளரமும் புற ஊதா விளக்கும் தேவையற்றுப் போயின. பலகையில் பற்றவைத்த பிறகே ஐந்தாறு கம்பிகளின் வழியே நிரலைச் செலுத்தும் வழக்கமும் பரவியது. வசதியில் இதற்கு இணையில்லை. ஆனால், இதில் ஒரு பொறி இருக்கிறது. சில்லுக்கு மின்சாரம் பலகையிலிருந்தே வருமானால், பதிவுக்கருவியால் அந்த வோல்ட்டை ஏற்றவோ இறக்கவோ இயலாது. இரு எல்லைச் சோதனை அங்கே பெயரளவில்தான். இவ்வழியை நாடுவோர், கருவியே மின்சாரம் வழங்கத்தக்கதா என்பதையும், பலகையிலுள்ள மற்ற உறுப்புகள் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குமா என்பதையும் வரைபடம் போடும்பொழுதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவியை வாங்கப் போகும் ஒருவருக்கு நான் சொல்லும் முதற் சொல் இதுதான்: விலைப்பட்டியலைப் பார்க்குமுன், சில்லைச் செய்தவர் இந்தக் கருவியை இந்தச் சில்லுக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல்லாயிரம் சில்லுகளை ஆதரிக்கிறது என்ற விளம்பரம் என்னைப் பெரிதாகக் கவர்வதில்லை; நீங்கள் எழுதப்போவது அவற்றுள் ஒன்றிரண்டைத்தானே! பொருத்துவாயும் முக்கியம். ஓயாமல் செருகி எடுப்பதால் அதன் பற்கள் தேய்கின்றன, அழுக்குப் படிகின்றன. தேய்ந்த பல்லின் வழியே செல்லும் வோல்ட் குறைந்தால், மேலே சொன்ன பாதி எழுத்துத்தான் மிஞ்சும். எழுதுமுன் ஒவ்வொரு காலும் தொட்டிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும் கருவி நன்று. பொருத்துவாயை எளிதில் மாற்ற முடிவதும், மாற்றுப் பொருத்துவாய் கடையில் கிடைப்பதும் அதனினும் நன்று.

சில சில்லுகள் முற்றிலும் வெறுமையாக வருவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பிக் 12எஃப்675 என்னும் சிறு சில்லின் நினைவகத்தில் கடைசி அறையில், அதன் உட்கடிகாரத்தைத் திருத்தும் எண் ஒன்றை ஆலையிலேயே எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு சில்லுக்கும் அவ்வெண் வேறு. அறியாத கருவி, நினைவகத்தை ஒட்டுமொத்தமாக அழிக்கும்போது அதனையும் அழித்துவிடும். பின்பு நிரல் சரியாகப் பதிந்திருக்கும், சோதனையும் தேறும். கடிகாரம் மட்டும் தாறுமாறாக ஓடும். அறிந்த கருவியோ முதலில் அவ்வெண்ணைப் படித்து வைத்துக்கொண்டு, அழித்தபின் மீண்டும் அதே அறையில் எழுதிவிடும்.

எழுதப்பெறும் கோப்பு சரியான கோப்புத்தானா என்ற ஐயம் வேறு இருக்கிறது. எல்லாப் பைட்டுகளையும் கூட்டிக் கிடைக்கும் கூட்டுத்தொகையை ஒப்பிடுவது பழைய வழக்கம். இரு பைட்டுகள் இடம் மாறி அமர்ந்துவிட்டால் கூட்டுத்தொகை மாறாதன்றோ? வெஸ்லி பீட்டர்சன் என்பவர் 1961-இல் வெளியிட்ட சுழல்மிகைச் சோதனை, இத்தகைய பிழையையும் காட்டிக்கொடுக்கும். அதனைச் செய்யவல்ல கருவியே எனக்குப் பிடிக்கும். பணியாளரிடம் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடாமல், ஒரே பொத்தானை மட்டும் கொடுத்து, தேறியது எத்தனை, தவறியது எத்தனை என்று தானே எண்ணிப் பதிவு செய்யும் கருவி இன்னும் சிறந்தது. பல சில்லுகளை ஒரே நேரத்தில் எழுதும் கருவிகளும் உண்டு. அவற்றில் ஒவ்வொரு வாய்க்கும் தனி மின்சுற்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே சுற்றை எல்லா வாய்களும் பகிர்ந்துகொண்டால், ஒரு கெட்ட சில்லு தன் அண்டையாரையும் கெடுத்துவிடும்.

இவ்வளவும் செய்து எழுதிய எழுத்து எத்தனை நாள் நிற்கும்? பிக் 16சி84 தன் எழுத்தை நாற்பது ஆண்டுகளுக்குமேல் வைத்திருக்கும் என்று அதன் தரவேடு கூறிற்று. நாற்பது ஆண்டு எவரும் காத்திருந்து பார்த்துச் சொன்ன எண் அன்று அது. சில்லுகளை உயர்ந்த வெப்பத்தில் நெடுநேரம் வைத்து, எலெக்ட்ரான்கள் கசியும் விரைவை அளந்து, அறையின் வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் சொன்னது. அக்கணக்கு, வாயில் முழுமையாக நிறைந்த சில்லுக்கே பொருந்தும். 1993-இல் எழுதப்பெற்ற அந்த முதற் சில்லுகளுக்கு நாற்பது ஆண்டு நிறைவுறுவது 2033-இல்.